பீங்கான் பல்லு உடைஞ்சா யார் தப்பு?

பல்லு செய்யற தொழில்ல ஒரு விதி இருக்குது: நல்லா அமைஞ்சா டாக்டர் கைராசி, உடைஞ்சா லேப் தப்பு.

நான் பெரிய காஞ்சிபுரத்துல ஒரு பல் லேப்ல வேலை பார்க்கறேன். லேப்புன்னு போர்டைப் பார்த்துட்டு சர்க்கரை டெஸ்ட் எடுக்க வெறும் வயித்தோட மாடி ஏறி வர்றவங்க உண்டு, அது வேற கதை. நீங்க டாக்டர்கிட்ட போய் வாயைத் திறந்து காட்டறீங்க இல்ல, அவர் எடுக்கற அளவு எங்ககிட்டதான் வரும். கேப்பு, பிரிட்ஜ், கழட்டி மாட்டற செட்டு எல்லாமே நாங்க செஞ்சு அனுப்பறதுதான். என்னோடது பீங்கான் மேசை. முன்பல்லு வேலை முழுக்க என் கையில.

நீங்க டெய்லரா இருக்கலாம், சமையல் மாஸ்டரா இருக்கலாம், ஏ.சி. ரூம்ல கம்ப்யூட்டர் தட்டறவரா இருக்கலாம். நல்லா வந்தது மேல இருக்கறவர் பேர்லயும், நாசமா போனது உங்க பேர்லயும் எழுதறாங்கன்னா, வாங்க, இப்படிப் பக்கத்துல உட்காருங்க. நாம எல்லாம் ஒரே கட்சி.

நாலு பல்லு

கனகாக்காவுக்கு வீடு பிள்ளையார்பாளையம். வீட்டுலயே தறி. அவங்க வீட்டுக்காரர் தறியில உட்கார்ந்தா, இவங்க பக்கத்துல உட்கார்ந்து சேலைக் கரைக்கு ஊடை நூல் ஓட்டற நாடாவைத் தள்ளுவாங்க, அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போடுவாங்க. ஒரு நாள் ஏனாத்தூர் ரோட்டுல வண்டி பின்னாடி உட்கார்ந்து போகும்போது நாய் குறுக்க வந்து, விழுந்து, மேல் வரிசையில நடு ரெண்டு பல்லும் போயிடுச்சு. டாக்டர் அதுக்கு ரெண்டு பக்கமும் இருந்த நல்ல பல்லை அரைச்சுக் கட்டையாக்கி, அந்தக் கட்டைங்க மேல நாலு பல்லு பிரிட்ஜ் உட்கார வெச்சாரு. செஞ்சது நான். சும்மா சொல்லக்கூடாது, கனகாக்கா சிரிச்சா எது சாமி குடுத்த பல்லு, எது இந்த மேரி குடுத்த பல்லுன்னு கண்டுபிடிக்க முடியாது.

சில மாசத்துல உடைஞ்சு வந்துச்சு. நடுவுல வலது பக்கத்துப் பல்லோட நுனியில நகத்துண்டு அளவு பீங்கான் அரை நிலா மாதிரி பேந்துடுச்சு. டாக்டர் பாய்க்குப் போன் போட்டுக் கத்தினாரு. பாய்னா எங்க லேப் ஓனர், சாதிக் பாய். பாய் போனை வெச்சுட்டு என்கிட்ட கத்தினாரு. நான் யார்கிட்ட கத்தறது? எனக்குக் கீழ பிளாஸ்டர் மூட்டைதான் இருக்குது. அதை ஒரு உதை விட்டேன். கால்தான் வலிச்சுது. பாய் அதைப் பார்த்துட்டு ரொம்ப சாவகாசமா ஒரு காரணம் கண்டுபிடிச்சாரு:

"கோவிச்சுக்காத மேரி, உன் கைக்கு என்னவோ உஷ்ணம் ஜாஸ்தி, அதான் பல்லு வெடிக்குது."

மாப்பிள்ளை பல்லுல முடி

பீங்கான் பல்லு எப்படி உடையுதுன்னு சொல்லாம மேல போனா நீங்களும் என் கை உஷ்ணத்தை நம்பிடுவீங்க. அதனால கேட்டுக்கோங்க. இந்தப் பல்லு ஒரே பொருள் கிடையாது, அடுக்கு. உள்ள ஜிர்கோனியான்னு ஒண்ணு. சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, சுத்தியால அடிச்சாலும் சட்டுனு மசியாது. ஆனா பார்க்கறதுக்கு உயிர் இருக்காது. அதனால அதுக்கு மேல பீங்கான். பொடியைக் குழைச்சு பிரஷ்ல தொட்டுத் தொட்டு வெச்சு, சுட்டு, மறுபடி வெச்சு, மறுபடி சுட்டு, நிஜப் பல்லு மாதிரி வெளிச்சம் உள்ள போயி வர்ற அளவுக்குக் கொண்டு வருவோம். அழகு மேல இருக்குது, பலம் உள்ள இருக்குது.

விரிசல் பொறக்கறது பெரும்பாலும் மேல் பீங்கான்ல. கண்ணுக்கே தெரியாத ஒரு கீறல் போதும். கடிக்கக் கடிக்க, எச்சில் இறங்க இறங்க, அது மெதுவா உள்ள போகும். ஜிர்கோனியா வரைக்கும் போயி, அதைத் துளைக்க வழியில்லாம அங்கயே திரும்பி, ரெண்டு அடுக்குக்கும் நடுவுல பக்கவாட்டுல ஓடும். மாசக்கணக்குல ஓடும், ஒருத்தருக்கும் தெரியாது. அப்புறம் ஒரு நாள் காலையில இட்லி சாப்பிடும்போது பேந்து கையில வரும். உடனே இட்லியைத் திட்டுவாங்க, அப்புறம் எங்களைத் திட்டுவாங்க.

தாமல் பக்கத்துல ஒரு மாப்பிள்ளை. நிச்சயத்துக்கு முன்னாடி முன்பல்லுக்கு கேப்பு போட்டாரு. கொஞ்ச நாள் கழிச்சு பல்லு மேல மெலிசா ஒரு கோடு தெரிஞ்சிருக்குது. முடி ஒட்டிக்கினு இருக்குதுன்னு பிரஷ் போட்டுத் தேய்ச்சிருக்காரு. போகல. அவங்க அம்மா நகத்தால சுரண்டியிருக்காங்க. போகல. கடைசியில ஜாக்கெட்ல இருந்த ஊக்கைக் கழட்டி நெம்பியிருக்காங்க. பேந்த துண்டைக் காகிதத்துல மடிச்சு எடுத்துக்கினு நேரா லேப்புக்கே வந்துட்டாங்க. ஊக்கு வெச்சு பல்லை நெம்பற ஊர்ல நான் இன்னா செய்யறதுன்னு தலையில அடிச்சுக்கினேன். அந்த அம்மா கொஞ்சமும் அசரல, காகிதத்தைப் பிரிச்சு என் மேசையில வெச்சுட்டுச் சொன்னாங்க:

"முடி வரலைமா, பல்லுதான் வந்துச்சு."

பஸ் நிக்காது

சரி, கனகாக்காவோட பல்லுல கீறல் எப்படி வந்துச்சு? எனக்கு முதல் சந்தேகம் எங்க லேப் மேலயே. ஏன்னா எங்க பாய்க்கு ஒரு வியாதி இருக்குது, அவசரம்.

பீங்கானைச் சுட்டு முடிச்சதும் மூடியைத் திறந்து எடுத்துடக் கூடாது. அடுப்புக்குள்ளயே வெச்சு மெதுவா ஆற விடணும். வெளிப்பக்கம் சட்டுனு ஆறி இறுகிட்டு, உள்பக்கம் இன்னும் சூடா இருந்துச்சுன்னா, அது ஆறும்போது சுருங்கப் பார்க்கும், வெளிப்பக்கம் விடாது. அந்த இழுப்பு உள்ளயே தங்கிடும். பார்க்கறதுக்கு ஒண்ணும் தெரியாது, பல்லு பளபளன்னு சிரிக்கும். ஆனா கீறல் ஒண்ணு கிடைச்சா போதும்னு உள்ள காத்துக்கினு இருக்கும். கொதிக்கிற டீ ஊத்தின கண்ணாடி டம்ளரை யாராவது பச்சைத் தண்ணியில வெப்பாங்களா? எங்க பாய் வெப்பாரு. வெளியூர் டாக்டருங்களுக்கும், ஊரைத் தாண்டி கிளினிக் வெச்சிருக்கற கனகாக்காவோட டாக்டருக்கும் பல்லு பஸ்ல போகும், கண்டக்டர் கையில குடுத்து விடுவோம். பஸ் ஸ்டாண்டுல இருந்து போன் வந்துச்சுன்னா பாய் நேரா வந்து அடுப்பு மூடியைத் தூக்கிடுவாரு. விசிறி வேற வீசுவாரு. தெரியாம செய்யறவரா இருந்தா பரவாயில்ல, சொல்லித் தரலாம். எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லித் தந்ததே அவர்தான். தெரிஞ்சே செய்யறவங்களைப் பார்த்தாதான் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

கனகாக்காவுக்கு ரெண்டாவது பிரிட்ஜ் செய்யும்போது நான் நாற்காலியை அடுப்பு முன்னாடியே போட்டு உட்கார்ந்தேன். மத்தியானச் சோத்தையும் அங்கயே தின்னேன். மூடி மேல கை வெச்சா கையை உடைப்பேன்னு பொதுவா, யாரையும் பார்க்காம, சொல்லி வெச்சேன். பாய் பத்தடி தள்ளியே நின்னுக்கினு இருந்தாரு, போன் அடிச்சுக்கினே இருந்துச்சு, கடைசியில பொறுக்க முடியாம சொல்லிட்டாரு:

"பஸ் நிக்காது மேரி, பல்லு நிக்கும்."

உள்ள நடக்கறது

அடுத்த சந்தேகம் டாக்டர் மேல. டாக்டர் நல்லவருதான். கை சுத்தம், பேஷன்டுகிட்ட பேச்சு தன்மை. அதனாலயே கூட்டம் ஜாஸ்தி, கூட்டம் ஜாஸ்தியா இருக்கறதால அவருக்கும் அதே வியாதி.

பல்லை வாயில வெச்சுப் பார்த்து, நீலக் கார்பன் பேப்பரைக் கடிக்கச் சொல்லுவாங்க. எங்க உயரமா இருக்குதோ அங்க நீலம் படியும். அந்த எடத்தைக் கொஞ்சமா அரைச்சு எடுக்கணும். தண்ணி விட்டு மெதுவா அரைக்கணும், அரைச்ச எடத்தை மறுபடி பாலிஷ் போடணும். இல்லன்னா அரைச்ச எடம் முழுக்கக் கீறல், ஒவ்வொரு கீறலும் ஒரு விரிசலுக்கு வாசல். இதெல்லாம் அவருக்குத் தெரியாதான்னா, காலேஜ்லயே படிச்சவரு, என்னைவிட நல்லாவே தெரியும். ஆனா திரும்பி வர்ற பல்லைப் பார்த்தா பாலிஷ் போட்ட அடையாளமே இருக்காது, சொரசொரன்னு அம்மிக்கல்லு மாதிரி இருக்கும்.

ஒரு தடவை கோபம் தாங்காம நானே போன் போட்டுக் கேட்டுட்டேன். பாய் பின்னாடி நின்னுக்கினு வேணாம் வேணாம்னு கையை ஆட்டறாரு. நான் விடல. டாக்டர், நான் சாயங்காலம் வரைக்கும் குனிஞ்சு உட்கார்ந்து கண்ணாடி மாதிரி ஆக்கி அனுப்பறேன், நீங்க ஒரு நிமிஷத்துல அதை ரோடு மாதிரி ஆக்கிடறீங்களேன்னு சொன்னேன். பாய் கண்ணை மூடிக்கினாரு. அப்புறம் டாக்டர் நிதானமா சொன்னாரு:

"வெளிய உட்கார எடம் இல்லாம ஜனம் நின்னுக்கினு இருக்குது, பாலிஷ் போட நீ வர்றியா மேரி?"

மறுபடியும் அதே எடம்

கனகாக்காவோட ரெண்டாவது பிரிட்ஜும் உடைஞ்சு வந்துச்சு. அடுப்பைக் காவல் காத்து எடுத்த பிரிட்ஜ். டப்பாவைத் திறந்து பார்த்ததும் எனக்கு அழுகை வரல, ஆத்திரம்தான் வந்துச்சு. அதே வலது பல்லு, அதே நுனி, அதே அரை நிலா. பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்தேன். உடைஞ்ச பீங்கான்ல ரேகை இருக்கும், ஒரு புள்ளியில இருந்து விசிறி மாதிரி விரியும், அந்தப் புள்ளியிலதான் விரிசல் ஆரம்பிச்சிருக்கும். டாக்டர் அரைச்ச எடம் பல்லுக்குப் பின்னாடி. ரேகை போய் நிக்கறதோ நுனியில. அங்க ஒரு சின்னப் பள்ளம், பள்ளத்துல மெலிசா மஞ்சளா ஒரு கோடு. மஞ்சத்தூளா இருக்கும், குழம்பு சாப்பிடறவங்கதானேன்னு விட்டுட்டேன்.

இந்தத் தடவை கத்தறதோட முடியல. ஒவ்வொரு தடவை உடையும்போதும் ஒட்டின பிரிட்ஜை அறுத்துத்தான் எடுக்கணும், அறுக்கும்போது அடியில இருக்கற கட்டைப் பல்லும் கொஞ்சம் போகும். ஏற்கெனவே ரெண்டும் தீக்குச்சி மாதிரி ஆயிடுச்சாம். இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாம், அதுவும் உடைஞ்சா கட்டை தாங்காது, பிடுங்கிட்டு கழட்டி மாட்டற பிளேட்டுதான்னு டாக்டர் கனகாக்காகிட்ட சொல்லிட்டாரு. அதாவது நான் செய்யப் போறதுதான் கடைசி. அதைக் கேட்டு அந்த அம்மா நாற்காலியிலயே அழுதுட்டாங்களாம். பிளேட்டு வேணவே வேணாம்னு ஒரே பிடிவாதமாம். அவங்க சொன்ன காரணத்தை டாக்டர் போன்ல சிரிச்சுக்கினே சொன்னாரு, ஸ்பீக்கர்ல கேட்டு பாயும் சிரிச்சாரு, சொல்லக் கசக்குது, எனக்கும் லேசா சிரிப்பு வந்துச்சு:

"கழட்டி மாட்டற பல்லை வெச்சுக்கினு நான் எப்படி சார் தறி வேலை செய்வேன்?"

தொங்கின நூல்

மூணாவது பிரிட்ஜுக்கு நிறம் பார்க்கறதுக்காக கனகாக்காவை லேப்புக்கே வரச் சொன்னோம். அதுவரைக்கும் அவங்க வாயை மட்டும்தான் எனக்குத் தெரியும், அதுவும் பிளாஸ்டர் மாவு அச்சுல. ஆள் வந்து நின்னா ஒல்லியா, வேகமா, கண்ணு ஒரு எடத்துல நிக்காத மாதிரி இருந்தாங்க. தற்காலிகமா போட்ட பிளாஸ்டிக் பல்லை முந்தானையால மறைச்சுக்கினேதான் பேசினாங்க. ஜன்னல் பக்கம் உட்கார வெச்சு, கையில நிறப் பட்டையை எடுத்துக்கினு அவங்க வாய்கிட்ட போனேன்.

என் கோட்டுக் கையில ஒரு நூல் பிரிஞ்சு தொங்கிக்கினு இருந்துச்சு. கனகாக்கா அதைப் பார்த்தாங்க. என் கையைப் பிடிச்சு இழுத்தாங்க, நூலை விரல்ல ஒரு சுத்து சுத்தினாங்க, குனிஞ்சு பல்லால கடிச்சுத் துப்பிட்டு, கையைத் திரும்ப என்கிட்டயே குடுத்துட்டாங்க. அவங்க பேசிக்கினு இருந்த பேச்சுகூட நிக்கல. மகளுக்குக் கல்யாணம் வெச்சிருக்காங்க, அதைச் சொல்லிக்கினு இருந்தாங்க. நான் நிறப் பட்டையைக் கீழ வெச்சேன். அக்கா, தறியிலயும் இப்படித்தான் செய்வீங்களான்னு கேட்டேன். வேற எப்படின்னு என்னைத் திருப்பிக் கேட்டாங்க. இழை அறுந்தா ரெண்டு கையாலயும் முடிச்சுப் போடணும், கையை விட்டா முடிச்சு நழுவிடும், கத்தரிக்கோலை எந்தக் கையில எடுக்கறது? பட்டு நூலுன்னா பல்லு, ஜரிகைன்னாலும் பல்லுதான். எப்பவும் வலது பக்கத்து நடுப்பல்லு. அந்த மஞ்சள் கோடு குழம்பு இல்ல, ஜரிகை. தங்க முலாம் போட்ட வெள்ளிக் கம்பி சுத்தின நூலை அதே நுனியில நாள் முழுக்கக் கடிச்சா எந்தப் பீங்கான் தாங்கும்?

எனக்கு வந்த கோபம் யார் மேலன்னு தெரியல. பாய் என்னைத் திட்டினாரு, நான் பாயை சந்தேகப்பட்டேன், டாக்டரையும் சந்தேகப்பட்டேன், டாக்டர் எங்க ரெண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாரு. தறி வேலைக்கு பல்லு வேணும்னு அந்த அம்மா வாயைத் திறந்து சொன்னப்போ மூணு பேரும் சேர்ந்து சிரிச்சோம். இத்தனை தறி ஓடற ஊர்ல, பல்லு செய்யற மேசையில உட்கார்ந்துக்கினு, நூலைப் பத்தி ஒருத்தருக்கும் தோணல. ஏன்கா, எதையாவது கடிக்கறீங்களான்னு டாக்டர் கேக்கவே இல்லையான்னு கொஞ்சம் சத்தமாவே கேட்டுட்டேன். கனகாக்கா முகம் சுருங்கிடுச்சு:

"கேட்டாரும்மா, எலும்பு கடிக்கிறியா, கரும்பு கடிக்கிறியா, நகம் கடிக்கிறியான்னு எல்லாம் கேட்டாரு, நூலைக் கேக்கலையே."

அழகு யாருக்கு

கடிக்காதீங்கன்னு சொல்றது சுலபம். பாய் அதைத்தான் சொன்னாரு. நீங்க நாளையில இருந்து இடது கையால சாப்பிடுங்க பாய், அப்புறம் அவங்களைச் சொல்லுங்கன்னேன். நான் யோசிச்சது இதுதான்: நூல் படற நுனியையும் பின்பக்கத்தையும் முழுக்க ஜிர்கோனியாவாவே விட்டுடலாம், முன்பக்கம் மட்டும் மெலிசா பீங்கான் வெக்கலாம். கடிக்கற எடத்துல அடுக்கே இல்லன்னா பேந்து போறதுக்கும் ஒண்ணும் இல்ல. ஆனா நுனி கொஞ்சம் மங்கலா, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி தெரியும். பாய் ஒத்துக்கல. லேப் பேரு கெட்டுடும்னாரு. கெட்ட பேரு என் தலையில வைக்கும்போது லேப் பேரு ஞாபகம் வரலையான்னு கேட்டேன். பாய் டீ வாங்கப் போயிட்டாரு.

டாக்டருக்குப் போன் போட்டேன். நூல் விஷயத்தைச் சொன்னேன். ஒத்துக்குவாருன்னு பார்த்தா சண்டைக்கு வந்தாரு. நுனியில வெறும் ஜிர்கோனியாவை விட்டா மேல் பல்லு நிக்கும், கீழ்ப்பல்லு தேய்ஞ்சு போகும், இருக்கற நல்ல பல்லையும் அரம் போட்டு ராவணுமான்னு கேட்டாரு. அவர் சொன்னது சரி. அதுலதான் எனக்கு இன்னும் எரிச்சல். முகம் பார்க்கற அளவுக்கு பாலிஷ் போட்டா தேயறது குறையும், நான் போட்டுத் தரேன், ஆனா நீங்க அதை மறுபடி அரைச்சு ரோடு ஆக்கக் கூடாதுன்னேன். சரின்னாரு, உடனே இன்னொண்ணு ஆரம்பிச்சாரு. மகள் கல்யாணம் வருதே, போட்டோ எடுப்பாங்களே, அந்த அம்மாவுக்குப் பிடிக்குமான்னு.

இத்தனை பேச்சு நடக்கும்போது கனகாக்கா எதிர்லயேதான் உட்கார்ந்திருந்தாங்க. அவங்களுக்குப் பிடிக்குமான்னு அவங்களைத் தவிர எல்லாரும் பேசிக்கினு இருந்தோம். போனை அவங்ககிட்டயே குடுத்தேன். முந்தானையை வாயில இருந்து எடுத்துட்டு அவங்க டாக்டர்கிட்ட சொன்னாங்க:

"நான் பல்லைக் காட்டியா சார் சம்பாதிக்கிறேன், கடிச்சுத்தானே சம்பாதிக்கிறேன்."

இங்கயே பார்த்துடறேன்

மூணாவது பிரிட்ஜை பஸ்ல அனுப்பல, ஆளையும் நம்பல. பாய் வண்டியில பின்னாடி உட்கார்ந்து, டப்பாவை மடியில வெச்சுக்கினு நானே கிளினிக்குப் போனேன். பாலிஷ் போட நீ வர்றியான்னு கேட்டாரு இல்ல, இதோ வந்துட்டேன். வெளிய கூட்டம் அப்படியேதான் நின்னுக்கினு இருந்துச்சு. டாக்டர் என்னைப் பார்த்து முகத்தைச் சுளிச்சாரு, ஆனா போன்னு சொல்லல.

கனகாக்கா நாற்காலியில சாய்ஞ்சு வாயைத் திறந்துக்கினு இருந்தாங்க. பிரிட்ஜை வெச்சுப் பார்த்தாரு, கார்பன் பேப்பரைக் கடிக்கச் சொன்னாரு. இடது பக்கம் பின்னாடி ஒரு எடத்துல நீலம் அழுத்தமா படிஞ்சுடுச்சு. டாக்டர் பிரிட்ஜைக் கழட்டிக் கையில வெச்சுக்கினு அரைக்கற மெஷினை எடுத்தாரு. தண்ணி விடல. வாசல்ல நின்னுக்கினு இருந்த நர்ஸ் அடுத்த பேஷன்ட் பேரைக் கூப்பிட்டாச்சு. எனக்கு எங்க இருந்து அவ்வளவு சத்தம் வந்துச்சோ தெரியல. தண்ணி விடுங்க டாக்டர், இது கடைசின்னு சொன்னதே நீங்கதான், இவங்க கட்டைப் பல்லு ரெண்டும் உங்க அவசரத்துக்கா போகணும்னு கத்திட்டேன். வெளிய இருந்த கூட்டம் கதவுல எட்டிப் பார்த்துச்சு. பாய் சுவத்துல மாட்டியிருந்த பல்லு படத்தைப் படிக்க ஆரம்பிச்சுட்டாரு. டாக்டர் முகம் சிவந்து போச்சு. ஆனா தண்ணியைத் திறந்தாரு, மெதுவா அரைச்சாரு, அரைச்சு முடிச்சதும் பிரிட்ஜை என்கிட்ட நீட்டினாரு, தேய்ன்னாரு. நான் மூலையில நின்னு தேய்ச்சேன். அத்தனை பேரும் காத்துக்கினு இருந்தாங்க. ஒருத்தரும் செத்துப் போகல.

ஒட்டி முடிச்சாச்சு. பசை இறுகிடுச்சுன்னு டாக்டரும் பார்த்துட்டாரு. கண்ணாடியைக் கையில குடுத்தாரு. கனகாக்கா கண்ணாடியைப் பார்க்கவே இல்ல, கவுத்து வெச்சுட்டாங்க. இடுப்புல சொருகியிருந்த பொட்டலத்தைப் பிரிச்சு ஜரிகை நூல் ஒண்ணை எடுத்தாங்க. எங்களுக்குப் புரியறதுக்குள்ள ரெண்டு கையாலயும் இழுத்துப் பிடிச்சு, வலது பக்கத்து நடுப்பல்லுல வெச்சு, ஒரே கடி. நூல் அறுந்துச்சு. நாக்கை அந்த நுனியில இப்படியும் அப்படியும் தடவிப் பார்த்தாங்க. திரும்ப ஒரு நூல் எடுத்தாங்க, திரும்ப ஒரு கடி. டாக்டர் அவங்க கையைப் பிடிச்சுட்டாரு. இன்னைக்குத்தான் ஒட்டியிருக்குது, ஒரு நாள் பொறுக்கக் கூடாதா, இங்க எதுக்கும்மா இந்தப் பரீட்சைன்னு பதறிட்டாரு. கனகாக்கா துப்பின நூலைப் பொறுக்கி மடிச்சு, பொட்டலத்துல வெச்சுக்கினே சொன்னாங்க:

"இங்க உடைஞ்சா உங்க பாடு சார், வீட்டுல உடைஞ்சா என் பாடு."

அந்தப் பல்லு இன்னைக்கு வரைக்கும் என் மேசைக்குத் திரும்பி வரல, ஆனா இந்தத் தொழில்ல நான் கத்துக்கினது இதுதான்: விரிசலாவது நடுவுல கெட்டியா ஒரு அடுக்கைப் பார்த்தா நின்னு திரும்பிக்கும், பழி மட்டும் கடைசியில வாயைத் திறந்துக்கினு உட்கார்ந்திருக்கற ஆள் மேல விழுந்தப்புறம்தான் நிக்கும்.